பி.டி. டீச்சருக்குக் குரல் போன வருஷம்

கொன்றையூர் அரசு உயர்நிலைப் பள்ளியின் பி.டி. டீச்சர் பிரகதீஸ்வரிக்குக் குரல் போனது ஆடி மாதத்தில். ஒரே நாளில் போய்விடவில்லை. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததிலிருந்தே கம்மிக்கொண்டுதான் இருந்தது. பனங்கற்கண்டு, மிளகு, வெந்நீர், சித்தரத்தை என்று யார் யாரோ சொன்னதையெல்லாம் செய்து பார்த்தாள். கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்து "லைன்ல நில்லுங்கடா" என்று சொல்ல வாயைத் திறந்தபோது வெறும் காற்றுதான் வந்தது.

அந்தக் குரலை அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் இல்லை. மைதானத்துக்குப் பின்னால் வாய்க்கால், அதைத் தாண்டினால் வயல். நடவு நேரத்தில் வயலில் குனிந்து நிற்கிற பெண்கள், "பி.டி. டீச்சர் சத்தம் போட ஆரம்பிச்சுட்டாங்க, டீ வர்ற நேரம் ஆச்சு" என்று நிமிர்வார்களாம். பிரகதீஸ்வரியிடம் யாரோ இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

ஆறிலிருந்து பத்து வரை அத்தனை வகுப்புக்கும் அவள் ஒருத்திதான். எந்த வாத்தியார் லீவு போட்டாலும் அவருடைய வகுப்பு மைதானத்துக்கு வந்துவிடும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வகுப்புப் பிள்ளைகள் நிற்பார்கள். இருப்பது இரண்டு எறிபந்து, காற்றுப் போகிற ஒரு கால்பந்து, கொஞ்சம் ரப்பர் வளையம். இதை வைத்துக்கொண்டு அவ்வளவு பேரை முட்டாமல் மோதாமல் விளையாட வைக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, நடுவில் நின்று கத்துவது. இருபது வருடத்துக்கு மேல் ஒரே இடத்தில் நின்று கத்தியதில் அந்த இடத்தில் புல்லே முளைக்காமல் போயிருந்தது.

அவளுக்குச் சொந்த ஊர் பேராவூரணிப் பக்கம். தென்னந்தோப்பு இருந்த வீடு. ஓட்டத்தில் மாநில அளவுக்குப் போனவள். பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவர், "பொண்ணு கொஞ்சம் சத்தமாப் பேசுமோ?" என்று அப்பாவிடம் கேட்டுவிட்டுப் போனார். அதற்கப்புறம் வந்தவர்கள் வேறு வேறு காரணம் சொன்னார்கள். பிறகு யாரும் வரவில்லை. இப்போது நாற்பத்தாறு வயது. அம்மாப்பேட்டையில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தாள். அம்மாவும் கூட இருந்தாள், இரண்டு வருடம் முன்பு போய்ச் சேரும் வரை. தம்பி பரணிதரன் சிங்கப்பூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான்.

தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி சாலையில் ஒரு தொண்டை டாக்டரிடம் போனாள். அவர் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் சதை வளர்ந்திருப்பதாகவும் எடுத்துவிடலாம் என்றும் சொன்னார்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் ரெண்டு மூணு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசக்கூடாது, அதுதான் இன்னும் கெடுதல். அதுக்கப்புறமும் நான் சொல்ற வரைக்கும் குரலைத் தொடாதீங்க. கத்துறதுங்கிறது இனிமே என்னைக்குமே வேண்டாம். முடியுமா டீச்சர்? வீட்டுல யார் யார் இருக்கீங்க?"

"நான் மட்டுந்தான்" என்றாள் அவள், இருந்த காற்றில்.

"அப்ப சௌகரியமாப் போச்சு" என்றார் டாக்டர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

ஆபரேஷனுக்குக் கூட ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். தையல் டீச்சர் தஹ்மீனா வந்தாள். கூத்தாநல்லூர்க்காரி. வாரத்தில் மூன்று நாள் வருகிற பகுதிநேர வேலை. வயதில் பத்துப் பன்னிரண்டு வருடம் சின்னவள். பள்ளியில் ஆசிரியர் அறையில் நாற்காலி இல்லாதவர்கள் இவர்கள் இருவரும்தான். விளையாட்டுச் சாமான் போட்டிருக்கிற அறையில் ஒரு பெஞ்சு உண்டு. அதில் உட்கார்ந்து மதியம் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். பழக்கம் அப்படி ஏற்பட்டதுதான்.

"யாரு நீங்க பேஷண்டுக்கு?" என்று நர்ஸ் கேட்டபோது தஹ்மீனா கொஞ்சம்கூடத் தயங்காமல், "தங்கச்சி" என்றாள். நர்ஸ் இருவர் பெயரையும் பார்த்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு பிரகதீஸ்வரிக்கு ஒரு பயம் இருந்தது. நாள் முழுக்கப் பேசியே பழகியவள், வாயை எப்படிக் கட்டி வைப்பது, தெரியாமல் ஒரு வார்த்தை வந்துவிட்டால் தையல் பிரிந்துவிடுமோ என்று. முதல் நாள் வாயில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டுகூட இருந்தாள்.

அதற்கு அவசியமே இருக்கவில்லை. பால் பாக்கெட்டை வாசல் கம்பியில் பையோடு மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கடையில் சாமானை எடுத்து வைத்தால் தொகையைச் சொல்வார்கள், போனைக் காட்டிவிட்டு வந்துவிடலாம். கீழ் வீட்டுக்காரம்மா கமலாம்பாள் இரண்டு நாள் ரசம் சாதம் கொண்டுவந்து கொடுத்தாள். பேச முடியாதவளுக்குக் காதும் கேட்காது என்று நினைத்தோ என்னவோ, "சாப்பாடு... சாப்பாடு..." என்று கையால் வாயருகே காட்டி உரக்கச் சொன்னாள். மூன்றாம் நாள் அவளும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பரணிதரன் வீடியோவில் வந்தான். அவன் பேசினான், இவள் தலையாட்டினாள். பதில் வராத இடத்தில் எவ்வளவு நேரம்தான் பேசுவான்? "சரிக்கா, ரெஸ்ட் எடு" என்று வைத்துவிட்டான். அடுத்த வாரத்திலிருந்து 'எப்படி இருக்கே' என்று செய்தி மட்டும் வந்தது. அவளும் கட்டைவிரல் படத்தை அனுப்பினாள்.

வாரம் இரண்டு போனதும்தான் அவளுக்கு உறைத்தது. டாக்டர் பேசாதே என்று சொல்லியிருக்காவிட்டாலும் இந்த வீட்டில் இத்தனை நாளும் இதேபோலத்தான் இருந்திருப்பாள். பேசியதெல்லாம் மைதானத்தில்தான். அதுவும் பேச்சில்லை, "ஓடு, நில்லு, வரிசை, பந்தைப் போடு." அம்மா போன பிறகு ஒருவரோடு உட்கார்ந்து ஒரு விஷயத்தை ஆரம்பித்து முடித்ததாக நினைவில்லை. சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்று இதை நினைத்தவள், அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைப் பார்த்தபடியே நின்றுகொண்டிருந்தாள்.

லீவு முடிந்து பள்ளிக்குப் போனதும் தலைமையாசிரியர் அறிவுச்செல்வன் கூப்பிட்டு உட்கார வைத்தார். நல்ல மனிதர்.

"டீச்சர், நீங்க வெயில்ல நின்னு சிரமப்பட வேண்டாம். லைப்ரரியில உக்காருங்க. உங்க பீரியடையெல்லாம் செந்தில்குமார் சார் பாத்துக்கறேங்கறார். டென்த்துக்கு மேத்ஸ் போர்ஷன் வேற நிறைய இருக்கு."

அவள் போனில் தட்டிக் காட்டினாள்: 'விசில் ஊதலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார் சார். நான் கிரவுண்டுக்கே போறேன்.'

அன்றைக்கு முதல் பீரியடே ஏழாம் வகுப்பு. விசிலை ஊதினாள். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று புரிந்தது. இத்தனை வருடமும் விசிலுக்குப் பின்னால் ஒரு கத்தல் வரும். கத்தல் வந்தால்தான் நிஜம் என்று பிள்ளைகள் பழகியிருந்தார்கள். வெறும் விசில் அவர்களுக்குப் பஸ் ஹாரன் மாதிரி. மறுபடி மறுபடி ஊதினாள். கையை வீசினாள். பாதிப் பேர் வாய்க்கால் பக்கம் ஓடினார்கள். இரண்டு பையன்கள் பந்தைத் துரத்தி எதிரெதிரே வந்து மோதி, ஒருவனுக்கு உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் வழிந்தது. அவன் அழுகிற சத்தம் கேட்டு செந்தில்குமார் மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்தார். தலைமையாசிரியர் ஜன்னலில் நின்று பார்த்தார். அது திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

பையனுக்கு மருந்து போட்டு அனுப்பிவிட்டு விளையாட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மதியம் தஹ்மீனா வந்து தட்டினாள். திறந்ததும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பாதியை இவள் மூடியில் வைத்தாள்.

"அக்கா, மெஷின் சத்தத்துல எங்க வகுப்புலயும் ஒண்ணும் கேக்காது. நான் துணியைத் தூக்கிக் காட்டுவேன். சிவப்புன்னா நிறுத்து, வெள்ளைன்னா என்கிட்ட வா. அவ்ளோதான். புள்ளைங்க பாத்துக்கும்."

அந்த வாரம் முழுக்கத் தஹ்மீனா யூனிபார்ம் தைத்த மிச்சத் துணியில் கொடிகள் தைத்துக் கொடுத்தாள். பிரகதீஸ்வரி காலையில் பிரேயருக்கு முன்பே வந்து சுண்ணாம்புத் தூள் கொட்டி மைதானத்தை நாலாகப் பிரித்தாள். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு நிறம். வகுப்பை நாலு குழுவாக்கினாள். குழுவுக்கு ஒரு தலைவர், வாரா வாரம் மாறுகிற தலைவர். பந்து பிடிப்பதோ வளையம் வீசுவதோ எதுவானாலும் முதலில் தலைவர்களைக் கூப்பிட்டுத் தானே செய்து காட்டுவாள். அவர்கள் போய்த் தங்கள் குழுவுக்குச் செய்து காட்ட வேண்டும்.

முதல் சில வகுப்புகளில் பந்தையே வெளியே எடுக்கவில்லை. அவள் கை தூக்கினால் பார்த்தவர்கள் கை தூக்கிக்கொண்டு உட்கார வேண்டும், கடைசியாகப் பார்க்கிற குழு அடுத்த முறை சாமான்களைத் தூக்கி வர வேண்டும். அதையே ஒரு விளையாட்டாக்கினாள். வெயிலில் கையைத் தூக்கியபடி ஒற்றை மரம்போல நிற்பாள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். எட்டாம் வகுப்புப் பையன்கள்தான் வேண்டுமென்றே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ஆனால் அவர்களுடைய குழுப் பிள்ளைகளே அவர்களை இழுத்து உட்கார வைத்தார்கள்.

நடுவில் நிற்பதை விட்டுவிட்டாள். கத்த முடியாதவள் பக்கத்தில்தான் போக வேண்டும். ஒவ்வொரு பாகமாக நடந்தாள். ஒரு பையனின் முழங்கை எப்படி மடிகிறது, ஒரு சிறுமி ஓடும்போது ஏன் வலது காலைச் சாய்த்து வைக்கிறாள் என்பதெல்லாம் பக்கத்தில் போனபோதுதான் தெரிந்தது. முழங்கையைப் பிடித்துச் சரி செய்துவிட்டு நகர்வாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கால் வலித்தது.

பத்தாம் வகுப்பு பீரியடைச் செந்தில்குமார் எடுத்துக்கொள்வதை முன்பெல்லாம் ஆசிரியர் அறை வாசலில் நின்று சண்டை போட்டுத் தடுப்பாள். இப்போது அதற்கும் வழியில்லை. பீரியடு மணி அடித்ததும் கையில் பந்தோடு வகுப்பு வாசலில் போய் நின்றாள். உள்ளே அவர் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் ஒன்றும் செய்யவில்லை, நின்றாள். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கணக்கை விட்டுவிட்டுப் பந்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவர் திரும்பிப் பார்த்தார். மறுபடி எழுதினார். மறுபடி திரும்பினார்.

"இப்படி நின்னா எப்படி டீச்சர் நான் நடத்துறது?" என்றார்.

அவள் அதற்கும் நின்றாள். கடைசியில் அவர் சாக்பீஸைப் போட்டுவிட்டு, "போங்கடா" என்றார். மூன்று வாரம் இதே மாதிரி நடந்த பிறகு அவராகவே விட்டுவிட்டார்.

ஆனால் அவளுக்கு விளங்காத ஒன்று ஒன்பதாம் வகுப்பில் நடந்தது.

ஒன்பதாம் வகுப்புக்கு பி.டி. கடைசி பீரியடு. அந்த வகுப்புப் பெண்களில் பாதிக்குமேல் எப்போதுமே மைதானத்துக்கு வந்து புங்கமரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள். வயிற்று வலி, தலைவலி, காலில் முள், மாதவிலக்கு. எல்லா வருடமும் இதே கதைதான். அவள் எவ்வளவோ கத்திப் பார்த்திருக்கிறாள். பெயர் பெயராகக் கூப்பிட்டு எழுப்பியிருக்கிறாள். எழுந்து நாலடி நடந்துவிட்டு மறுபடி உட்காருவார்கள். பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்தால் இப்படித்தான் என்று அவளும் ஒரு கட்டத்தில் விட்டிருந்தாள்.

புரட்டாசியில் ஒரு நாள் அந்தப் பெண்களில் மூன்று பேர் எழுந்து வந்து எறிபந்துக் கோட்டருகே நின்றார்கள். அவள் பந்தைக் கொடுத்தாள். அடுத்த வகுப்பில் இன்னும் சிலர். அந்த மாதக் கடைசியில் மரத்தடியில் நிஜமாகவே காய்ச்சலோடு வந்த ஒருத்தி மட்டும் இருந்தாள். துப்பட்டாவைக் குறுக்கே இழுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அவர்கள் விளையாடியதைப் பிரகதீஸ்வரி ஓரமாக நின்று பார்த்தாள். குந்தவை என்ற பெண் பந்தை இரண்டு கையாலும் தலைக்குமேல் பிடித்து எறிந்தது கம்பத்தைத் தாண்டிப் போனது. இந்தப் பெண்ணா ஒரு வருடம் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்?

விளையாடி முடித்துப் பந்தைக் கொண்டுவந்து கொடுத்தவள் சான்ட்ரா. உயரமான பெண், அப்பா லூர்துராஜுக்கு ஊரில் வெல்டிங் பட்டறை. பிரகதீஸ்வரி மரத்தடியைக் காட்டி, பிறகு கோட்டைக் காட்டி, ஏன் என்பதுபோலக் கையை விரித்தாள்.

சான்ட்ரா முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"கோச்சுக்காதீங்க டீச்சர். நீங்க முன்னாடி பேரைச் சொல்லிக் கூப்பிடுவீங்கல்ல... அது ரோடு வரைக்கும் கேக்கும்."

பிரகதீஸ்வரி சாலையைப் பார்த்தாள். சுற்றுச்சுவர் புயலில் விழுந்து இன்னும் கட்டாத பக்கம். அதற்கு எதிரே பஸ் ஸ்டாப்பும் டீக்கடையும். அந்த நேரத்தில் ஐந்தாறு பைக் எப்போதும் நிற்கும்.

"அங்க நிக்கிறவங்களுக்கு எங்க எல்லார் பேரும் தெரிஞ்சுடுச்சு டீச்சர். பஸ்ஸுக்கு நிக்கும்போது கூப்புடுவாங்க. உங்களை மாதிரியே இழுத்து... 'சான்ட்ராஆ, காலைத் தூக்கி ஓடு'ம்பாங்க. குந்தவை பின்னாலேயே வீடு வரைக்கும் அப்படியே சொல்லிக்கிட்டு வந்தாங்க. அவங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா ஸ்கூலை விட்டு நிறுத்திடுவாரு. அதான் யாரும் வர்றதில்ல. இப்ப நீங்க பேரே சொல்றதில்லல்ல."

சொல்லிவிட்டு அவள் பையை எடுத்துக்கொண்டு மற்றவர்களோடு ஓடிவிட்டாள்.

பிரகதீஸ்வரி கொடிகளைச் சுருட்டினாள். வளையங்களை எண்ணாமலே அள்ளிச் சாக்கில் போட்டாள். அன்றைக்கு அவள் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றபோது டீக்கடை முன்னால் பைக்கில் சாய்ந்திருந்த பையன்களைப் பார்த்தாள். அவர்களில் இரண்டு பேர் அவளிடமே படித்தவர்கள். "வணக்கம் டீச்சர், உடம்பு தேவலையா?" என்று எழுந்து நின்று மரியாதையாகக் கேட்டார்கள். அவளுக்கு முகம் சிவந்துபோயிற்று. திட்டக் குரலில்லை. இருந்தாலும் என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை. அவர்கள் வாயிலிருந்து வந்ததும் அவளுடைய குரல்தானே.

அந்த இரவு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எத்தனை வருடத்துப் பெண்கள். அந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்களை எத்தனை முறை சோம்பேறி என்று சொல்லியிருக்கிறாள். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. போனை எடுத்துத் தஹ்மீனாவுக்குத் தட்ட ஆரம்பித்து, அழித்தாள். எழுதினால் சின்ன விஷயம்போலத் தெரிந்தது.

மறுநாள் தலைமையாசிரியரிடம் பையன்களைப் பற்றி மட்டும் தட்டிக் காட்டினாள். அவர் டீக்கடைக்காரரைக் கூப்பிட்டுப் பேசினார். பைக்குகள் கொஞ்ச நாள் வரவில்லை, பிறகு வந்தன. சுவருக்கு விண்ணப்பம் போயிருக்கிறது என்றார். அது நாலு வருடமாகப் போய்க்கொண்டுதான் இருந்தது. தஹ்மீனா பழைய அரிசிச் சாக்குகளை ஒன்றோடொன்று தைத்துக் கொடுக்க, சுவர் விழுந்த பக்கத்தில் கம்பு நட்டுக் கட்டினார்கள். ஐப்பசி மழையில் அது நனைந்து கிழிந்து விழுந்தது. மைதானமும் குளமாகிவிட்டது. பிள்ளைகள் வராந்தாவில் யோகா செய்தார்கள்.

கார்த்திகையில் டாக்டர் குழாயை விட்டுப் பார்த்து, "நல்லா ஆறியிருக்கு. 'ஆ' சொல்லுங்க" என்றார். சொன்னாள். யாரோ பக்கத்து அறையில் சொன்னதுபோல இருந்தது. மெல்லிய, அடியில் கொஞ்சம் கரகரத்த குரல். பழையது திரும்பாது என்றும், இதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றும் டாக்டர் சொன்னார்.

தஹ்மீனாவிடம்தான் முதலில் பேச வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே நினைத்துக்கொண்டாள். மறுநாள் மதியம் விளையாட்டு அறையில் டப்பாவைத் திறந்ததும், "தஹ்மீனா" என்றாள்.

தஹ்மீனா கையில் எடுத்த சோற்றோடு நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "நல்லாருக்குக்கா. புதுசா இருக்கு, நல்லாருக்கு" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "நானும் ஒண்ணு சொல்லணும், நேத்துதான் ஆர்டர் வந்துச்சு" என்றாள். கூத்தாநல்லூர் பக்கத்திலேயே ஒரு பள்ளியில் இடம் காலியாகி, கேட்ட மாறுதல் கிடைத்திருந்தது. மாமியார் படுத்த படுக்கை, மூன்று பஸ் மாறி வருகிறவள். வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? அரையாண்டுத் தேர்வோடு அவள் போய்விட்டாள். பேச்சு வந்த பிறகு அவர்களுக்குப் பேசக் கிடைத்தது ஐந்தாறு மதியம்தான். அதிலும் பெரும்பாலும் தஹ்மீனாதான் பேசினாள். இவளுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிரகதீஸ்வரியே பரணிதரனைக் கூப்பிட்டு ஹலோ என்றாள்.

"அக்கா போன்ல யாருங்க பேசறது?" என்றான்.

"நான்தான்டா."

"யாரு?"

"அக்காடா."

"அக்கா, என்னக்கா இது, அம்மா பேசற மாதிரி இருக்கு" என்றான். பிறகு இருவருக்குமே எப்படித் தொடர்வது என்று தெரியவில்லை. அவன் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

பொங்கல் கழிந்து விளையாட்டு விழா. குரல் வந்துவிட்டதே, மைக்கில் நீங்களே அறிவிப்புச் செய்யுங்கள் என்றார் தலைமையாசிரியர்.

"சார், பொண்ணுங்க போட்டிக்கு மட்டும் பேர் வேண்டாம் சார். நம்பரும் நிறமும் போதும்" என்றாள்.

"என்ன டீச்சர், வருஷத்துக்கு ஒருநாள். அப்பா அம்மா எல்லாம் பேரைக் கேக்கத்தானே வர்றாங்க?"

அவள் காரணத்தைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரி என்றார். ஓட்டம், எறிபந்து எல்லாம் அப்படியே நடந்தது. "சிவப்பு, நாலாம் எண்" என்று மைக்கில் மெல்லச் சொன்னாள். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் ஒருத்தி விடாமல் ஓடினார்கள். சான்ட்ரா முதலில் வந்தாள். பந்தலில் உட்கார்ந்திருந்த லூர்துராஜ் எழுந்து நின்று தட்டினார். பிறகு மேடையருகே வந்து, "ஏங்க டீச்சர், பையனுங்க பேரெல்லாம் சொன்னீங்க, எம் பொண்ணு பேரை மட்டும் சொல்லலியே? ஜெயிச்சிருக்கா இல்ல?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, குறையாகக் கேட்டார். பிரகதீஸ்வரி பதில் சொல்வதற்குள், பரிசு கொடுக்க வந்த ஊராட்சித் தலைவர் தியாகேசன் மைக்கை வாங்கி, பரிசுப் பட்டியலை உரக்க வாசிக்க ஆரம்பித்துவிட்டார். சான்ட்ரா, குந்தவை, எல்லாப் பெயரும். ஒலிபெருக்கி டீக்கடைக்கு எதிரேதான் கட்டியிருந்தது. தலைமையாசிரியர் அவளைப் பார்த்துக் கையைப் பிசைந்தார்.

அடுத்த வாரம் கடைசி பீரியடில் புங்கமரத்தடியில் மறுபடி இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி குந்தவை.

மைதானத்தில் மற்றவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். தலைவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அறுவடை மெஷின் ஓடி, வைக்கோல் தூசி காற்றில் வந்தது. பிரகதீஸ்வரி மரத்தடிக்குப் போய் அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் அந்த நிழலில் அவள் உட்கார்ந்ததில்லை. பெண்கள் இருவரும் எழப் பார்த்தார்கள்.

"உக்காருங்க. நானும் கொஞ்சம் உக்காந்திருக்கேன்" என்றாள்.

மெஷின் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லை. "என்ன டீச்சர்?" என்று குந்தவை நகர்ந்து பக்கத்தில் வந்தாள்.

"மறுபடி கூப்புடுறானுங்களா?"

குந்தவை தலையாட்டினாள். "பரிசு வாங்கினதுக்கு என்ன ட்ரீட்டுன்னு கேக்குறாங்க."

"இன்னிக்கு உங்க கூட பஸ் ஸ்டாப்புல நான் நிக்கிறேன். உங்க பஸ் வர்ற வரைக்கும். நாளைக்கும் நிக்கிறேன்."

"உங்க பஸ்ஸு போயிடுமே டீச்சர்?"

"போனா அடுத்த பஸ். வீட்டுல எனக்கு என்ன இருக்கு?"

அதைச் சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டது என்று அவளுக்கே தெரிந்தது. குந்தவை அவள் முகத்தைப் பார்த்தாள். சின்னப் பெண், பேச்சை மாற்றி, "நீங்க சின்ன வயசுல ஓடுவீங்களாமே டீச்சர்?" என்று கேட்டாள். மற்றவளும் நகர்ந்து வந்தாள். அந்தக் குரல் கேட்க வேண்டுமானால் அவ்வளவு பக்கத்தில்தான் உட்கார வேண்டியிருந்தது. பிரகதீஸ்வரி பேராவூரணியிலிருந்து முதல் தடவை ஓடப்போனதைச் சொல்ல ஆரம்பித்தாள். ஸ்பைக்ஸ் ஷூ வேறொருத்தியுடையது, முன்னால் பஞ்சு திணித்துப் போட்டுக்கொண்டு ஓடியது, அப்பா பஸ்ஸிலேயே வாந்தி எடுத்தது. குந்தவை சிரித்தாள். கதை பாதியில் இருக்கும்போதே மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் பந்தையும் வளையத்தையும் கொண்டுவந்து சாக்கில் போட்டார்கள்.

அன்று அவள் பெண்களோடு பஸ் ஸ்டாப்பில் நின்றாள். பைக் பையன்கள் வணக்கம் சொல்லிவிட்டு டீக்கடைக்குள் போனார்கள். பெண்களின் பஸ் வந்தது, ஏறிப் போனார்கள். குந்தவை ஜன்னலிலிருந்து திரும்பிப் பார்த்தாள், பிறகு பக்கத்தில் இருந்தவளோடு பேச ஆரம்பித்துவிட்டாள். அம்மாப்பேட்டை பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. சாலையோரம் காயப்போட்டிருந்த நெல்லை ஒரு அம்மாள் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தாள். "இன்னும் பஸ் வரலியா டீச்சர்?" என்று அவள் கேட்டாள். "வரல" என்றாள் பிரகதீஸ்வரி. அந்த அம்மாளுக்கு அது கேட்கவில்லை. இவள் மறுபடி சொல்லவும் இல்லை, கையை ஆட்டிக் காட்டிவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.